ஆல்ப்ஸ் மலை ஹட்ல முதல் தடவை தங்கப் போறவங்களுக்கு: புக்கிங்ல இருந்து மறுநாள் இறங்குற வரைக்கும்

ஸ்விட்சர்லாந்துக்கு டூர் வர்ற நம்ம ஆளுங்க பெரும்பாலும் யுங்ஃப்ராயோக் ரயில்ல ஏறி, பனில நின்னு போட்டோ எடுத்துட்டு, சாயங்காலமே கீழ இறங்கிடுறாங்க. இங்கயே வருஷக்கணக்கா குடியிருக்கற தமிழ்க் குடும்பங்கள்லயும் மலை மேல ஒரு ராத்திரி தங்கினவங்களை நான் அதிகமா பார்த்ததில்ல. எனக்கு இது ரொம்ப நாளா இருக்கற ஆதங்கம். கேட்டா "அதெல்லாம் கயிறு கட்டி ஏறுறவங்களுக்குங்க, நமக்கு எதுக்கு"ன்னு சொல்றாங்க, அப்படியெல்லாம் இல்லவே இல்ல, அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

மலை ஹட்னா என்னன்னா, ரோடு போகாத உயரத்துல, பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல, நடந்து வர்றவங்களும் சிகரம் ஏறுறவங்களும் ராத்திரி தங்கிச் சாப்பிட்டுத் தூங்கிட்டுப் போறதுக்காகக் கட்டின வீடு. ஸ்விஸ் ஆல்பைன் கிளப்னு ஒண்ணு 1863ல ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் கிளாரஸ் பக்கம் டோடி மலைக்கு ஏறுற வழில க்ரூன்ஹார்ன் ஹட்னு முதல் குடிசையைப் போட்டாங்க, இன்னைக்கு அந்த கிளப் கையில மட்டும் 150க்கு மேல ஹட் இருக்கு, இது போக தனியார் ஹட் வேற. மெம்பரா இருக்கணும்னு அவசியம் இல்ல, யார் வேணாலும் புக் பண்ணித் தங்கலாம்.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கோங்க. அங்க தண்ணி, கரண்ட், சாப்பாடு, தூக்கம் நாலுமே அளவுதான். ஹட்ல இருக்கற எல்லா ரூலும் ஒண்ணு இந்த நாலுல ஏதோ ஒண்ணுக்காக, இல்லன்னா மலைல யாரும் சாகக்கூடாதுங்கறதுக்காக. இது தெரிஞ்சுட்டா யாரும் உங்களுக்கு ரூல் சொல்லித் தர வேண்டியதில்ல, நீங்களே யூகிச்சுக்குவீங்க.

முதல்ல எந்த ஹட்னு முடிவு பண்ணுங்க

போட்டோ பார்த்து ஹட் செலக்ட் பண்ணாதீங்க, போற வழியைப் பார்த்து செலக்ட் பண்ணுங்க. ஸ்விஸ்ல நடைபாதை மூணு வகை. வெறும் மஞ்சள் போர்டு போட்டிருந்தா சாதாரண நடை, செருப்புல கூடப் போயிடலாம்னு வெச்சுக்கோங்க. மஞ்சள் போர்டு முனைல வெள்ளை சிவப்பு வெள்ளை பட்டை இருந்தா மலைப்பாதை, செங்குத்தா இருக்கும், சில இடத்துல ஒரு பக்கம் பள்ளம், கம்பியோ சங்கிலியோ பிடிச்சுப் போற மாதிரி கூட வரும், நல்ல ஷூ கண்டிப்பா வேணும். நீல போர்டுல வெள்ளை நீலம் வெள்ளை பட்டை பார்த்தீங்கன்னா அது ஆல்பைன் பாதை, பாறைல கை வெச்சு ஏறணும், பனி மூடின சரிவு, கிளேசியர்னு சொல்ற பனியாறு எல்லாம் குறுக்க வரலாம், புதுசா வர்றவங்க அந்தப் பக்கமே போக வேண்டாம். ஹட்டுக்கு வர்ற வழி முழுக்க வெள்ளை சிவப்பு வெள்ளைதானா, நடக்கற நேரம் மூணு மணி நேரத்துக்குள்ளயா, ஏத்தம் 700 மீட்டருக்குள்ளயா, இந்த மூணையும் பாருங்க.

என்னைக் கேட்டா முதல் ஹட்டுக்கு லெம்மரன் ஹட்டைத்தான் சொல்லுவேன். லொய்க் ஸ்டேஷன்ல இறங்கி பஸ்ல லொய்கர்பாட், அங்கிருந்து கேபிள் கார்ல கெம்மி பாஸ், அதுவே 2,300 மீட்டர் உயரத்துல இருக்கு. மேல இருந்து சுமாரா ஒன்றரை மணி நேர நடை. லெம்மரன்போடன்னு ஒரு பெரிய சமவெளி வரும், மலைக்கு நடுவுல தட்டையா, ஓடைத்தண்ணி பல கிளையா பிரிஞ்சு பிரிஞ்சு ஓடும், அதைத் தாண்டினதும் கடைசில ஒரு வளைஞ்சு வளைஞ்சு போற ஏத்தம், மூச்சு வாங்க வைக்கும், ஏறினா ஹட், 2,500 மீட்டர் அளவுல. அங்கிருந்து வில்ட்ஸ்ட்ரூபல் சிகரத்துக்குக் கிளேசியர் வழியா போறவங்களும் தங்குவாங்க, அதனால நிஜமான மலையேறிகள் எப்படிக் கிளம்புறாங்கன்னு பக்கத்துல இருந்தே பார்க்கலாம், நீங்க ஏற வேண்டியதில்ல. கேபிள் காரை சீசன் மாறும்போது ரிப்பேர் வேலைக்கு நிறுத்தி வெப்பாங்க, தேதி பார்த்துட்டு கிளம்புங்க.

ரெண்டாவது மூணாவது தடவைக்கு ப்ளூம்லிசால்ப் ஹட் இருக்கு, 2,840 மீட்டர், எஷினன் ஏரிக்கு மேல. கண்ணுக்கு முன்னாடியே கிளேசியர் தொங்கும், ஆனா கொண்டோலா இறங்குற இடத்துல இருந்தே 1,100 மீட்டருக்கு மேல ஏத்தம், பழக்கம் இல்லாத கால் மறுநாள் ஒத்துழைக்காது.

வேண்டாம்னு சொல்ற ஹட்டும் இருக்கு. கொங்கோர்டியா ஹட், மொன்டே ரோசா ஹட் ரெண்டும் நெட்ல பார்த்தா சொக்க வைக்கும், ஆனா வழில கிளேசியர் இருக்கு. கிளேசியர்னா மேல பனி மூடி கீழ பத்து மாடி ஆழத்துக்குக் கூட வெடிப்பு இருக்கும், கயிறும் அதை யூஸ் பண்ணத் தெரிஞ்ச ஆளும் இல்லாம ஒரு அடி கூட வைக்கக்கூடாது. கொங்கோர்டியாவை 1877ல கட்டினப்போ பனி ஹட்டுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, இப்போ ஆலெட்ஷ் கிளேசியர் உருகி அவ்வளவு கீழ இறங்கிட்டதால பாறைல நூத்துக்கணக்கான இரும்புப்படி அடிச்சு வெச்சிருக்காங்க, பனில இருந்து அந்தப் படி ஏறித்தான் ஹட்டுக்குப் போகணும். அங்கயெல்லாம் போக ஆசைன்னா சர்வதேச மலை வழிகாட்டி பேட்ஜ் இருக்கற கைடைக் கூப்பிட்டுக்கோங்க, செலவுதான், ஆனா உசிரு விஷயம். மேட்டர்ஹார்ன் அடில இருக்கற ஹோர்ன்லி ஹட் 3,260 மீட்டர், ஷ்வார்ட்ஸே கேபிள் கார்ல இருந்து ரெண்டு மணி நேரம் சொச்சம், வழி கொஞ்சம் பயமுறுத்தும், உயரம் கூசாதவங்க ஹட் வரைக்கும் போயிட்டு வரலாம். அதுக்கு மேல 4,003 மீட்டர்ல சொல்வே குடிசைனு ஒண்ணு போட்டோல வரும், அது ஆபத்துல மாட்டினவங்க ஒதுங்கறதுக்கு மட்டும்தான், தங்கற இடம் இல்ல.

இன்னொண்ணு மோன்ஷ்யோக் ஹட். யுங்ஃப்ராயோக்ல இருந்து பனிப்பாதைல ஒரு மணி நேரத்துல போயிடலாம், 3,650 மீட்டருக்கு வந்துடுவீங்க, அதான் பிரச்சனையே. காலைல இன்டர்லாகன்ல 570 மீட்டர்ல காபி குடிச்சுட்டு சாயங்காலம் 3,650ல படுத்தா உடம்பு எப்படித் தாங்கும். முதல் ராத்திரிக்கு 2,500 பக்கம் இருக்கற ஹட் போதும்.

எப்போ, எவ்வளவு

கோடைக்கால ஹட் பொதுவா ஜூன் நடுவுல திறந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் இருக்கும். ஜூன்ல போனா வடக்கு பார்த்த சரிவுல இன்னும் பனி கிடக்கும், சறுக்கினா நிக்காது, அதனால ஜூலை நடுவுல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும்தான் புதுசா போறவங்களுக்கு சரியான காலம். என் ஓட்டு செப்டம்பருக்கு, கூட்டம் குறைஞ்சிருக்கும், மத்தியான இடி மழையும் கம்மி, காத்து தெளிவா இருக்கும். ஆகஸ்ட் சனிக்கிழமைன்னா மாசக்கணக்குல முன்னாடியே ஃபுல் ஆயிடும், முடிஞ்சா வார நாள்ல போங்க, ஹட் பாதி காலியா இருக்கும், ஹட்டைப் பார்த்துக்கற கீப்பருக்கும் உங்ககூட நின்னு பேச நேரம் இருக்கும்.

புக்கிங் இல்லாம போகக்கூடாது. இப்போ பெரும்பாலான ஹட்டுக்கு ஆன்லைன் புக்கிங் இருக்கு, ஒவ்வொரு ஹட்டோட வெப்சைட்லயே லிங்க் போட்டிருப்பாங்க, சிலதுக்கு போன்தான். புக் பண்ணும்போதே வெஜிடேரியனா, முட்டை சாப்பிடுவீங்களா, நட்ஸ் அலர்ஜியான்னு எழுதிடுங்க. இதைப் போய் மேல சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க, சாமான் ஹெலிகாப்டர்ல எப்பவோ வந்து இறங்கினது, திடீர்னு கேட்டா அவங்க கையில ஒண்ணும் இருக்காது. முன்னாடியே சொல்லிட்டா வெஜ் சாப்பாடு நல்லாவே செஞ்சு தருவாங்க, சூப்ல கறி ஸ்டாக் சேர்த்திருக்கான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

காசு விஷயம். ராத்திரி படுக்கை, டின்னர், பிரேக்ஃபாஸ்ட் சேர்ந்த பேக்கேஜ் மெம்பர் இல்லாதவங்களுக்கு தலைக்கு சுமாரா 80ல இருந்து 100 ஃப்ராங்க் வரும், மெம்பர்னா படுக்கைல நல்ல டிஸ்கவுண்ட், குழந்தைங்களுக்கும் குறைவு. குடிக்கற தண்ணி பாட்டில் தனி, உயரமான ஹட்ல ஒன்றரை லிட்டர் 10 ஃப்ராங்க் பக்கத்துல கூட இருக்கும். அநியாயமேன்னு தோணும், ஆனா அந்த பாட்டிலும் ஹெலிகாப்டர்லதான் வருது, அங்க ஓடற பைப் தண்ணி பனி உருகி வர்றது, பல ஹட்ல அதைச் சுத்திகரிக்க வசதி கிடையாது, குடிக்காதீங்கன்னு போர்டே இருக்கும். டீ வாங்குங்க, இல்லன்னா கீழ இருந்து ரெண்டு லிட்டர் சுமந்துட்டு வாங்க. கார்டு, ட்விண்ட்னு சொல்ற ஸ்விஸ் போன் பேமெண்ட் ஆப் எல்லாம் நிறைய இடத்துல எடுக்கறாங்க, ஆனா நெட்வொர்க் போயிடுச்சுன்னா ஒண்ணும் நடக்காது, அதனால கேஷ் வெச்சிருங்க.

வர முடியலைன்னா கேன்சல் பண்ணணும், இது ரொம்ப முக்கியம். எத்தனை மணிக்குள்ள சொன்னா காசு பிடிக்க மாட்டாங்கன்னு புக்கிங்லயே போட்டிருக்கும். காசை விட பெரிய விஷயம் என்னன்னா, புக் பண்ணின ஆள் இருட்டுறதுக்குள்ள வரலைன்னா வழில ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு கீப்பர் பதறுவாங்க, நீங்க வீட்ல சோஃபால படுத்திருக்கும்போது உங்களைத் தேடி யாராச்சும் டார்ச் எடுத்துட்டு கிளம்பற நிலைமை வரக்கூடாது.

பைல என்ன

சின்ன பை போதும், 30 லிட்டர், எடை ஏழு எட்டு கிலோவைத் தாண்டக்கூடாது. ஹட்ல போர்வை, தலகாணி எல்லாம் இருக்கு, அதனால பெரிய ஸ்லீப்பிங் பேக் தூக்காதீங்க, ஆனா லைனர்னு சொல்ற மெல்லிசான பட்டு இல்லன்னா காட்டன் உறை கண்டிப்பா வேணும், கட்டாயம்னே வெச்சிருக்காங்க. ஒவ்வொருத்தர் போயிட்டு வந்த பின்னாடியும் போர்வை துவைக்க அங்க தண்ணி எங்க இருக்கு, நீங்க அந்த உறைக்குள்ள படுத்து மேல போர்வையைப் போட்டுக்கணும்.

டிரெஸ்ல ஒரே கண்டிஷன், ஜீன்ஸும் காட்டன் பனியனும் வேண்டாம். வேர்வைல நனைஞ்சா காயாது, மேல காத்து அடிக்கும்போது உடம்பு சில்லிட்டுப் போயிடும். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு, கீழ 28 டிகிரில கிளம்பினா மேல ராத்திரி ஸ்வெட்டரும் குல்லாவும் கேக்கும், ஆகஸ்ட்லயும் பனி கொட்டறது உண்டு. ஒரு ஃப்ளீஸ், மழைக்கோட், மெல்லிசா கிளவுஸ், மாத்திக்க ஒரு செட் உள்ளாடையும் சாக்ஸும், அவ்வளவுதான். சன்ஸ்கிரீனும் கூலிங் கிளாஸும் மறக்காதீங்க, நம்ம தோலுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறது தப்பு, உதடு வெடிச்சு மூக்கு உரிஞ்சு வந்தவங்க எத்தனையோ பேர்.

தலைல மாட்டுற ஹெட்லேம்ப், காதுல வைக்கற இயர் பிளக், பவர் பேங்க், கொப்புளத்துக்கு ஒட்டுற பிளாஸ்டர், வழக்கமா போடற மாத்திரை. சோப்பும் டவலும் பெருசா வேண்டாம், பல ஹட்ல ஷவரே கிடையாது, பல்லு விளக்கி மூஞ்சி கழுவறதோட சரி, ஈர டிஷ்யூ கொஞ்சம் வெச்சுக்கோங்க. ஷூ புதுசா வாங்கிட்டு அப்படியே மலைக்குப் போகாதீங்க, ஒரு வாரம் பத்து நாள் ஊருக்குள்ள போட்டு நடந்து பழக்குங்க. பருப்புப்பொடியோ ஊறுகாயோ ஒரு சின்ன டப்பால போட்டுக்கோங்க, அங்க சாப்பாடு சூடா நிறைவா இருக்கும், ஆனா காரம் துளி இருக்காது, குழந்தைங்க இருந்தா இந்த டப்பாதான் உங்களைக் காப்பாத்தும்.

போனுக்கு மூணு விஷயம்: ஸ்விஸ்டோப்போ மேப் ஆப்ல அந்த ஏரியாவை ஆஃப்லைனா இறக்கி வெச்சுக்கோங்க, மீட்டியோஸ்விஸ் வெதர் ஆப், அப்புறம் ரேகா ஆப். ரேகாங்கறது ஸ்விஸ் ஹெலிகாப்டர் மீட்பு சேவை, நம்பர் 1414, ஆப்ல அழுத்தினா நீங்க இருக்கற இடமும் சேர்ந்து போயிடும். ஊர்ல இருந்து வர்றவங்க டிராவல் இன்ஷூரன்ஸை ஒரு தடவை எடுத்துப் படிங்க, மலை மீட்புச் செலவு, ஹெலிகாப்டர், எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் கவர் ஆகுதுன்னு பாருங்க.

கிளம்பற நாள்

மஞ்சள் போர்டுல போட்டிருக்கற நேரம் நிக்காம நடக்கறவங்களுக்கான நேரம், சமதரைல மணிக்கு 4.2 கிலோமீட்டர்னு வெச்சுக் கணக்குப் போட்டது. தண்ணி குடிக்க, போட்டோ எடுக்க, குழந்தைங்களைச் சமாதானப்படுத்த இதெல்லாம் அதுல வராது. அதனால போர்டுல ரெண்டு மணின்னு இருந்தா நீங்க மூணுன்னு வெச்சுக்கோங்க. எப்படியும் மத்தியானம் மூணு நாலு மணிக்குள்ள ஹட்டுல இருக்கற மாதிரி கிளம்பணும், ஜூலை ஆகஸ்ட்ல சாயங்காலம்தான் இடி மின்னல் திரண்டு வரும், காலைல வானம் பளிச்சுன்னு இருக்கறதை நம்பி ஏமாறக்கூடாது.

மெதுவா நடங்க, பேசிக்கிட்டே நடக்க முடியற வேகம்தான் சரியான வேகம், மூச்சு முட்டி பேச்சு வரலைன்னா குறைங்க. வழில மாட்டுக்கூட்டம் வரும், கன்னுக்குட்டியைத் தொடப் போகாதீங்க, தாய் மாடு முட்டிடும், சுத்திப் போங்க, வேலிக் கேட்டைத் திறந்தா மூடிட்டுப் போங்க. எதிர்ல வர்றவங்க எல்லாரும் வணக்கம் சொல்லுவாங்க, "க்ரூயெட்ஸி"ன்னு நீங்களும் சொல்லுங்க. வானம் கறுத்து இடி கேட்டுச்சுன்னா, இல்ல பாதைல பனி மூடி வழி தெரியலைன்னா, அடம் பிடிக்காம திரும்பிடுங்க, ஹட்டுக்கு போன் பண்ணி சொல்லிடுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

ஹட்டுக்குள்ள நுழைஞ்சதும்

வாசல்லயே ஒரு சின்ன ரூம் இருக்கும், ஷூ ரூம். இங்கதான் எல்லாம் ஆரம்பிக்குது. சுவர் முழுக்க மரத்தட்டு, அதுல ஈரம் சொட்டற ஷூ வரிசையா, கீழ ஒரு பெட்டி நிறைய ஹட் செருப்பு, கனமான துணில இல்லன்னா ரப்பர்ல, ஓரத்துல நம்பர் எழுதியிருக்கும், ஜோடி சேராததும் நாலு இருக்கும். ஆணில ஐஸ் கோடாலியும், ஷூவுக்கு அடில மாட்டுற பனி முள்ளும் தொங்கும், காலுறை நாத்தமும் கயிறு காயற வாடையும் சேர்ந்து ஒரு மணம், எனக்கு அந்த மணம் மூக்குல ஏறினாத்தான் மலைக்கு வந்துட்டோம்னு உறைக்கும். ஷூவைக் கழட்டி லேஸை ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைங்க, காலைல இருட்டுல ஒரே பிராண்டு ஷூ பத்து ஜோடி இருக்கும், மாத்திப் போட்டுட்டுப் போயிடுவாங்க. கைத்தடி, கோடாலி எதுவும் உள்ள வரக்கூடாது.

அப்புறம் நேரா கீப்பர்கிட்ட போய் பேரைச் சொல்லுங்க. நாளைக்கு எங்க போறீங்க, எத்தனை மணிக்குக் கிளம்பறீங்கன்னு கேப்பாங்க, விசாரணை பண்றாங்கன்னு நினைக்காதீங்க. எந்த ரூம், எந்தப் படுக்கை, எந்த டேபிள் எல்லாம் அதை வெச்சுத்தான் முடிவு பண்றாங்க. ஒரு நோட்டு இருக்கும், அதுல பேர், எங்கிருந்து வந்தீங்க, அடுத்து எங்க போறீங்கன்னு எழுதணும், இதைச் சோம்பல் படாம எழுதுங்க, நீங்க காணாமப் போனா தேடற ஆளுங்க முதல்ல புரட்டறது அந்தப் பக்கத்தைத்தான். மலைல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் ஒருமைல பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, கீழ ஆபீஸ்ல மரியாதையா பேசற அதே ஆளு இங்க சகஜமா பேசுவாரு, நீங்களும் அப்படியே பேசலாம்.

பாதை நிலவரம் எதுவா இருந்தாலும் கீப்பர்கிட்ட கேளுங்க. மேல இருக்கற பனி உருகிடுச்சா, பாலம் இருக்கா, நேத்து யாராச்சும் அந்த வழியா வந்தாங்களான்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த ஆப்புக்கும் தெரியாது.

சாப்பாடு

டின்னர் ஒரே நேரம்தான், பெரும்பாலும் ஆறு, ஆறரை மணி, எல்லாரும் ஒண்ணா உக்காரணும், நம்ம கல்யாணப் பந்தி மாதிரிதான், லேட்டா வந்தா இலை போட மாட்டாங்க. டேபிள்ல உங்க பேர் எழுதின சீட்டு இருக்கும், பக்கத்துல யாரோ தெரியாதவங்க இருப்பாங்க. சூப் பாத்திரம் நடுவுல வரும், ஒருத்தர் எல்லாருக்கும் ஊத்தணும், அப்புறம் சாலட், மெயின், ஸ்வீட். மெயின்ல அடிக்கடி வர்றது ஆல்ப்லர் மாக்ரோனன், மாக்ரோனியும் உருளைக்கிழங்கும் சீஸும் க்ரீமும் போட்டு, மேல வறுத்த வெங்காயம், தொட்டுக்க ஆப்பிள் கூழ், கேக்க விசித்திரமா இருக்கும், ஏறி வந்த பசிக்கு அமிர்தம். பன்றிக்கறி சேர்க்கறதும் உண்டு, வெஜ்ஜுன்னு முன்னாடி சொன்னவங்களுக்கு அது இல்லாம தனியா வரும். மறுசோறு கேட்டா பெரும்பாலும் தருவாங்க, வெக்கப்படாதீங்க, ஆனா தட்டுல மிச்சம் வைக்காதீங்க, அந்தக் குப்பையையும் கீழதான் கொண்டு போகணும். சாப்பிட்டதும் தட்டை அடுக்கி டேபிள் ஓரமா நகர்த்தி வெச்சா கிச்சன்ல இருக்கறவங்களுக்கு பெரிய உதவி, ரெண்டு மூணு பேர்தான் அறுபது எழுபது பேருக்குச் சமைச்சுட்டு இருப்பாங்க, அவங்கதான் டாய்லெட்டும் கழுவுறாங்க.

சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவுல இருக்கற நேரம்தான் ஹட்டோட உயிர்னு நான் சொல்லுவேன். போன் எடுக்காது, சீட்டுக்கட்டு இருக்கும், மேப்பை விரிச்சு வெச்சுட்டு பக்கத்து டேபிள் ஆளு நாளைக்கு ஏறப்போற முகட்டை விரலால காட்டுவாரு. கேளுங்க, மலைக்காரங்க பொதுவா சொல்லித் தர்றதுல கஞ்சத்தனம் பண்ண மாட்டாங்க. அப்படியே பில்லையும் ராத்திரியே கட்டிடுங்க, காலைல கூட்டம் நெருக்கும்.

தூங்கற இடம்

தனி ரூம் எதிர்பார்க்காதீங்க. ரெண்டு அடுக்கு மரப்பலகை, அதுல மெத்தை பக்கத்துல பக்கத்துல, ஒரு ரூம்ல ஆறுல இருந்து இருபது பேர், ஆண் பெண் எல்லாரும் ஒரே ரூம்லதான். இது நம்ம பெண்களுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கலாம், உண்மைல அங்க யாரும் யாரையும் பார்க்கறதில்ல, அவ்வளவு களைப்பு. கூச்சமா இருந்தா புக்கிங்ல குடும்பமா வர்றோம், ஓர மெத்தை கிடைக்குமான்னு எழுதுங்க, முடிஞ்சவரைக்கும் சேர்த்துப் போடுவாங்க, சில ஹட்ல நாலு பேர் சின்ன ரூமும் இருக்கு.

ராத்திரி பத்து மணிக்கு ஹட் அமைதி. அதுக்கு முன்னாடி மறுநாள் பையை முழுசா கட்டி ரூமுக்கு வெளிய வெச்சிடுங்க, ஹெட்லேம்ப், தண்ணி, இயர் பிளக் மட்டும் கைக்கெட்டுற தூரத்துல. பையை படுக்கை மேல போடாதீங்க, மூட்டைப்பூச்சி இந்த மாதிரிதான் ஒரு ஹட்ல இருந்து இன்னொரு ஹட்டுக்குப் போகுது. பிளாஸ்டிக் கவர்ல துணி கட்டற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் கவரைப் பிரிக்கற சத்தம் ரூம்ல இருக்கற எல்லாரையும் எழுப்பிடும். ராத்திரி டாய்லெட் போனா லேம்ப்ல சிவப்பு வெளிச்சம் மட்டும். சில ஹட்ல டாய்லெட் வெளிய தனியா இருக்கும், படுக்கறதுக்கு முன்னாடியே வழியைப் பார்த்து வெச்சுக்கோங்க.

தூக்கம் சரியா வரலைன்னா பயப்படாதீங்க, உயரத்துல முதல் ராத்திரி பலருக்கு அப்படித்தான். ஆனா தலைவலி, குமட்டல், சாப்பாடே பிடிக்கலை இதெல்லாம் சேர்ந்து வந்தா அது உயர நோய், 2,500 மீட்டருக்கு மேல யாருக்கு வேணாலும் வரலாம், தினமும் ஜிம் போறவங்களுக்கும் வரும். தண்ணி குடிங்க, சரக்கு தொடாதீங்க, தூக்க மாத்திரை வேண்டாம், மேல ஏறாதீங்க. குறையலைன்னா கீழ இறங்கறதுதான் மருந்து. நடக்கும்போது தள்ளாடறது, குழப்பமா பேசறது, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கறது இதுல எதைப் பார்த்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே கீப்பரை எழுப்புங்க.

விடியறதுக்கு முன்னாடி

கிளேசியர் ஏறுறவங்களுக்கு பிரேக்ஃபாஸ்ட் ரெண்டு மணி, மூணு மணி, நாலு மணின்னு ஹட்டைப் பொறுத்து இருக்கும். ஏன் அவ்வளவு சீக்கிரம்னா, வெயில் ஏறினதும் வெடிப்பு மேல மூடியிருக்கற பனிப்பாலம் இளகிடும், பாறையைப் பிடிச்சு வெச்சிருக்கற ஐஸ் உருகி கல்லு உருளும், அதுக்குள்ள ஏறித் திரும்பிடணும். நடக்க வந்த உங்களுக்கு ஆறு, ஏழு மணி, அவங்க கிளம்பற சத்தத்துல முழிச்சுட்டா கோவப்படாதீங்க. ஒரு தடவையாச்சும் அந்த நேரத்துக்கு எழுந்து ஃப்ளீஸைப் போட்டுட்டு ஜன்னல் பக்கம் நில்லுங்க. ஷூ ரூம்ல பேச்சே இல்லாம இரும்பு சத்தம் மட்டும் கேக்கும், ஒருத்தர் இன்னொருத்தரோட கயிறு முடிச்சை இழுத்துப் பார்த்து சரின்னு தோளைத் தட்டுவாரு, கொஞ்ச நேரத்துல எதிர்ச்சரிவுல லேம்ப் வெளிச்சம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஏறிப் போகும். நான் இதுக்காகவே அலாரம் வெச்சுக்கறவன்.

காலைல ரொட்டி, வெண்ணெய், ஜாம், சீஸ், மியூஸ்லி, காபி. பக்கத்துல பெரிய பாத்திரத்துல இனிப்பு டீ வெச்சிருப்பாங்க, உங்க ஃபிளாஸ்க்ல ரொப்பிக்கலாம், பல ஹட்ல பேக்கேஜ்லயே சேர்ந்தது. போர்வையை மடிச்சு தலகாணி மேல வைங்க, மெத்தைக்கு அடில எதையாச்சும் விட்டுட்டீங்களான்னு பாருங்க. நீங்க கொண்டு வந்த கவர், பாட்டில், வாழைப்பழத் தோல் உட்பட எல்லாத்தையும் திரும்ப பைல போட்டு எடுத்துட்டு இறங்குங்க. ஹட்ல குப்பைத்தொட்டி தேடாதீங்க.

வழில விபத்துன்னா

1414, இல்லன்னா 112. சிக்னல் இல்லாத இடத்துல ஆல்ப்ஸ் முழுக்க பழக்கத்துல இருக்கற முறை, ஒரு நிமிஷத்துக்குள்ள ஆறு தடவை விசிலோ டார்ச்சோ அடிங்க, ஒரு நிமிஷம் விடுங்க, திரும்ப அடிங்க. பார்த்தவங்க நிமிஷத்துக்கு மூணு தடவை பதில் கொடுப்பாங்க. ஹெலிகாப்டர் தலைக்கு மேல வந்தா ரெண்டு கையையும் மேல தூக்கினா உதவி வேணும்னு அர்த்தம், ஒரு கை மேல ஒரு கை கீழ வெச்சா வேண்டாம்னு அர்த்தம். சந்தோஷத்துல ஹெலிகாப்டரைப் பார்த்து ரெண்டு கையையும் ஆட்டிடாதீங்க, குழந்தைங்களுக்கும் முன்னாடியே சொல்லி வைங்க.

இறங்கும்போது

ஏத்தத்தை விட இறக்கத்துலதான் முட்டி போகும், காலும் வழுக்கும், கைத்தடி ரெண்டு இருந்தா முட்டிக்குப் பாரம் கொஞ்சம் குறையும், அடியைச் சின்னதா வைங்க. கேபிள் கார், பஸ் கடைசி டைம் எதுன்னு முந்தின நாளே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, மலைக்கிராமத்துல கடைசி பஸ் சாயங்காலமே போயிடும். ஸ்விஸ் ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தா பெரும்பாலான கேபிள் கார்லயும் டிக்கெட் குறையும், கவுண்டர்ல கேளுங்க.

மனசுக்குப் பிடிச்சுப்போச்சு, வருஷத்துல பல ராத்திரி போவோம்னு தோணினா அப்போ ஆல்பைன் கிளப்ல மெம்பராகறதைப் பத்தி யோசிங்க, ஹட் டிஸ்கவுண்ட்லயே கட்டுபடியாகும், ஜெர்மனி, ஆஸ்திரியா ஹட்லயும் அந்தக் கார்டு செல்லும், கிளேசியர் நடை, கயிறு, பனிச்சரிவு பத்தி அவங்களே கோர்ஸ் நடத்துறாங்க. கீப்பர் இல்லாத மாசங்கள்லயும் நிறைய ஹட்ல விண்டர் ரூம்னு ஒரு பகுதி திறந்தே இருக்கும், விறகு அடுப்பும் போர்வையும் பாத்திரமும் இருக்கும், நீங்களே அடுப்பு மூட்டி, நீங்களே பெருக்கி, உண்டியல்லயோ ஆன்லைன்லயோ காசைக் கட்டிட்டு வரணும், ஆனா அது பனி நிலவரம் படிக்கத் தெரிஞ்ச பின்னாடி.

ரெண்டு மூணு ஹட்டைச் சேர்த்து ஒரே டிரிப்பா போறவங்க ஒண்ணு செய்யுங்க. நடுவுல கால் வலியோ மழையோ வந்து அடுத்த ஹட்டுக்குப் போகாம கீழ இறங்கிட்டீங்கன்னா, பஸ் ஸ்டாப்புக்கு வந்து சிக்னல் கிடைச்ச உடனே முதல் போன் அந்த ஹட்டுக்குப் போடுங்க, அங்க நோட்டுல உங்க பேருக்கு நேரா சாப்பாடும் படுக்கையும் எடுத்து வெச்சுட்டு வழியைப் பார்த்துட்டு இருப்பாங்க.